சி-வடிவ இலக்கும் நடுத்தண்டும்: கதிர்வீச்சுத் திட்டமிடலில் கணித உகப்பாக்கம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கட்டி முதுகுத்தண்டை அணைத்தாற்போல் வளைந்து கிடக்கிறது. கட்டிக்கு 50 கிரே (உறிஞ்சப்படும் கதிர்வீச்சின் அலகு) போக வேண்டும். அரை சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் தண்டுக்கு அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது. கற்றையின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றிச் செலுத்தும் செறிவு பண்பேற்றக் கதிர்வீச்சு, சுருக்கமாக ஐஎம்ஆர்டி, இப்படிப்பட்ட வடிவங்களுக்காகவே உருவானது. அதைத் திட்டமிடும் மென்பொருளின் உள்ளே ஓடுவது ஓர் உகப்பாக்கக் கணக்கு: நிபந்தனைகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடுவது.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது எந்த நோயாளியின் படமும் அல்ல. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 119-ஆம் பணிக்குழு 2009-இல் வெளியிட்ட சோதனை வடிவங்களில் ஒன்று. அதைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. அளவுகள் எல்லாருக்கும் தெரிந்தவை. பல மையங்கள் அதே கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கின்றன. 2014-இல் வெளியான கார்ட் தரவுத்தொகுப்பிலும், மேட்ராட் என்ற திறந்த மென்பொருளிலும் இந்த வடிவம் தயாராகக் கிடைக்கிறது. கீழே சொல்வதை யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம்.

கணக்கின் அளவுகள்

முதுகுத்தண்டின் இடத்தில் நிற்கும் நடுத்தண்டு என்பது 1 செ.மீ. ஆரமும் 10 செ.மீ. நீளமும் கொண்ட உருளை. அதைச் சுற்றி 0.5 செ.மீ. இடைவெளி. அதற்கு வெளியே சி-வடிவ இலக்கு: உள் ஆரம் 1.5 செ.மீ., வெளி ஆரம் 3.7 செ.மீ., நீளம் 8 செ.மீ. திட்டமிடுவோர் பேச்சில் இலக்குப் பகுதிக்குப் பிடிவி என்று பெயர். 6 மெகாவோல்ட் ஃபோட்டான் கற்றைகள் 9, ஒன்றுக்கொன்று 40 பாகை இடைவெளியில் வருகின்றன.

இலக்குக்கு இரண்டு நிபந்தனைகள். 95 விழுக்காட்டுப் பருமன் குறைந்தது 50 கிரே வாங்க வேண்டும், இது டி95. 55 கிரேக்கு மேல் வாங்கும் பருமன் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, இது டி10. நடுத்தண்டுக்கு இரண்டு பதிப்புகள் உண்டு. எளிய பதிப்பில் அதன் டி10 25 கிரேக்குக் கீழ். கடினப் பதிப்பில் 10 கிரேக்குக் கீழ். கடினப் பதிப்பு நிறைவேறாது என்று தெரிந்தே வைத்த கேள்வி. ஒரு சால்வரை, அதாவது உகப்பாக்கக் கணக்கைத் தீர்க்கும் நிரலை, மூச்சுத் திணறும் அளவுக்குத் தள்ளினால் எதை விட்டுக்கொடுக்கிறது என்று பார்ப்பதுதான் அதன் நோக்கம். நமக்கும் அதுவே சுவையான பகுதி.

5 மி.மீ. தூரத்துக்குள் 50 கிரே 25 ஆக விழ வேண்டும் என்றால் மில்லிமீட்டருக்கு 5 கிரே, அதாவது பரிந்துரைத்த டோஸில் 10 விழுக்காடு. 10 ஆக விழ வேண்டும் என்றால் மில்லிமீட்டருக்கு 16 விழுக்காடு. நேர்கோட்டுச் சரிவு என்று எளிமைப்படுத்திய கணக்கு இது. ஆனாலும் 6 மெகாவோல்ட் கற்றையின் விளிம்பு மங்கலே ஆழத்தில் பல மில்லிமீட்டர் அகலம் என்பதை நினைவில் வைத்தால், இரண்டாவது எண் எங்கே இடிக்கும் என்பது கணினியைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு கற்றையையும் 5 மி.மீ. × 5 மி.மீ. பீம்லெட்களாகப் பிரிக்கிறோம். இலக்கின் அகலம் அதிகபட்சம் 7.4 செ.மீ., உயரம் 8 செ.மீ. எனவே 15 × 16 கட்டங்கள். ஓரத்தில் ஒரு வரிசை கூடுதலாக வைத்தால் 17 × 18 = 306. ஒன்பது கற்றைக்கு 2,754 மாறிகள். ஒவ்வொரு மாறியும் அந்தத் துணுக்கின் செறிவு, எதிர்மறையாக முடியாது.

உடலை 2.5 மி.மீ. கனசதுர வோக்சல்களாக வெட்டினால் நடுத்தண்டின் 31.4 கன செ.மீ. சுமார் 2,010 வோக்சல் ஆகிறது. உடலுக்குப் பதிலாக வைக்கும் 30 × 30 × 15 செ.மீ. சோதனைக் கட்டை, அதாவது பாண்டம், முழுவதும் 8,64,000 வோக்சல். ஒவ்வொரு பீம்லெட்டும் ஓர் அலகு செறிவுக்கு ஒவ்வொரு வோக்சலிலும் எவ்வளவு டோஸ் வைக்கிறது என்ற அட்டவணைதான் டோஸ் தாக்க அணி. எல்லாக் கட்டங்களையும் சேமித்தால் ஏறக்குறைய 238 கோடி எண்கள். எண்ணுக்கு 4 பைட் என்றால் 9.5 ஜிபி. ஆகவே பூச்சியங்களையும் மிகச் சிறிய எண்களையும் எறிந்துவிட்டு அடர்த்தியற்ற அணியாக வைத்துக்கொள்கிறார்கள்.

முதல் பொறி இங்கேதான் இருக்கிறது. தன் உச்ச மதிப்பில் 1 விழுக்காட்டுக்குக் கீழ் உள்ளதை வெட்டினால் என்ன குடி மூழ்கிவிடும் என்று தோன்றும். இலக்குக்கு ஒவ்வொரு கற்றையும் தரும் பங்கு சுமார் 5.6 கிரே. கற்றைக்கு 200 பீம்லெட் உயிரோடு இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் தண்டின் ஒரு வோக்சலுக்குச் சிதறலாகத் தருவது சராசரியாக 0.05 விழுக்காடு என்று வைத்தால் 0.0005 × 5.6 × 200 × 9, அதாவது 5 கிரே. தோராயக் கணக்குதான், ஆனால் அளவின் வரிசை சரி. இந்த 5 கிரேயில் பெரும்பகுதி வெட்டில் போய்விடும். சால்வர் பார்க்கும் தண்டு உண்மையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். திரையில் நிபந்தனை நிறைவேறும். முழு டோஸ் கணிப்பு ஓடியதும் மீறப்படும். வெட்டிய பகுதியைப் பீம்லெட் வாரியாகக் கூட்டி, மெதுவாக மாறும் ஒரு திருத்தமாகச் சேர்ப்பது ஒரு வழி. சில சுற்றுக்கு ஒருமுறை முழு டோஸைக் கணித்து, வேறுபாட்டை மாறிலியாகக் கூட்டிக்கொள்வது இன்னொன்று. இரண்டாவதே பழுதில்லாமல் ஓடுகிறது.

மூன்று வோக்சல், மூன்று பீம்லெட்

2,754 மாறிகளில் நடப்பது எல்லாம் மூன்று மாறிகளிலேயே தெரியும். இலக்கில் இரண்டு வோக்சல், தண்டில் ஒன்று. பீம்லெட் 'அ' முதல் இலக்கு வோக்சலுக்கு 1.0, இரண்டாவதற்கு 0.1, தண்டுக்கு 0.2 தருகிறது. 'ஆ' அதன் கண்ணாடிப் பிம்பம்: 0.1, 1.0, 0.2. 'இ' தண்டின் வழியாகவே பாய்கிறது: இலக்குகளுக்கு 0.8, 0.8, தண்டுக்கு 1.0.

இலக்குக்கு 50, தண்டுக்கு 10 என்று எழுதி மூன்று சமன்பாட்டையும் நேரடியாகத் தீர்த்தால் அ = ஆ = 53.8, இ = −11.5 என்று வரும். கதிர்வீச்சை உறிஞ்சி எடுக்கும் கற்றை எதுவும் இல்லை. 'எதிர்மறை வந்தால் பூச்சியமாக்கு' என்று கடைசியில் வெட்டினால் இலக்கு 59.2 கிரேக்கு ஏறிவிடும், தண்டு 21.5. இலக்கு 18 விழுக்காடு சூடு. பூச்சியத்துக்குக் கீழ் போகக் கூடாது என்பதைக் கணக்கின் உள்ளேயே வைத்து, மூன்று வோக்சலுக்கும் சம எடையில் வர்க்கப் பிழையைக் குறைத்தால் அ = ஆ = 44.2, இ = 0. இலக்கு 48.6, தண்டு 17.7. வெட்டு எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்பதே இவ்வளவு வேறுபாடு செய்கிறது.

இப்போது இலக்கு 1.4 கிரே குறைவு. இலக்கின் எடையை 20 மடங்காக்கினால் அது 49.93 ஆகும், தண்டு 18.15. எடையை இன்னும் ஏற்றினாலும் 50-ஐ நெருங்குமே தவிரத் தொடாது. மீறலைத் தடுக்காமல் எடையிட்ட பிழையாக மட்டும் எண்ணும் தண்டனை முறையின் குணம் அது. 'இலக்கு குறைந்தது 50' என்பதைக் கட்டுப்பாடாக எழுதி, தண்டின் டோஸை மட்டும் குறைக்கச் சொன்னால் நேரியல் நிரலாக்கம் (எல்லாவற்றையும் நேர்கோட்டு உறவுகளாக எழுதும் உகப்பாக்கம்) அ = ஆ = 45.45 என்று தரும். இலக்கு சரியாக 50, தண்டு 18.18. கூடவே நிழல் விலை என்ற ஒரு விலையும் கிடைக்கும்: இலக்கின் கீழ்வரம்பை 1 கிரே தளர்த்தினால் தண்டில் 0.4 ÷ 1.1, அதாவது 0.36 கிரே குறையும். எடைகளை மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருக்கும் திட்டமிடுநருக்கு இந்த ஓர் எண் அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும். எடைக்கு மருத்துவப் பொருள் கிடையாது. நிழல் விலைக்கு உண்டு: கிரேக்குக் கிரே.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'இ' மட்டும் போதும் என்றால் மொத்தச் செறிவு 62.5-இல் வேலை முடிந்திருக்கும், தண்டு 62.5 கிரே வாங்கியிருக்கும். தண்டைக் காப்பாற்ற 90.9 செலவாகிறது. சுற்றுவழிக்கு ஆகும் இந்தக் கூடுதல் செலவு பின்னால் கசிவாகத் திரும்பி வரும்.

விடை எப்படி இருக்க வேண்டும் என்பது முன்பே தெரியும்

1982-இல் பிராமே, ரூஸ், லாக்ஸ் ஆகியோர் சுழலும் கற்றைக்கான தொகையீட்டுச் சமன்பாடு ஒன்றைத் தீர்த்தார்கள். கற்றை வலுவிழக்காது, சிதறாது, விளிம்பு மங்கல் இல்லை என்று வைத்துக்கொண்டால் விடை அழகாக வருகிறது. காக்க வேண்டிய வட்டத்தின் ஆரத்துக்கு உள்ளே செறிவு பூச்சியம். வெளியே தொலைவு ÷ √(தொலைவு² − ஆரம்²). இந்த வடிவத்தில் செலுத்தினால் வளையத்துக்குள் சீரான டோஸ், நடுவில் துல்லியமாகப் பூச்சியம். தண்டின் விளிம்பில் செறிவு முடிவிலிக்கு ஏறுகிறது.

நமது 1 செ.மீ. ஆரத்துக்கு இதை 5 மி.மீ. பீம்லெட்களில் சராசரியாக்கினால் தண்டை ஒட்டிய முதல் பீம்லெட்டுக்கு 2.24, அடுத்ததற்கு 1.23, அதற்கடுத்ததற்கு 1.12, வெளி ஓரத்தில் 1.05. இந்தக் கொம்பு போன்ற உயர்வு ஒவ்வொரு கற்றையின் செறிவுப் படத்திலும் தண்டின் நிழலின் இரு பக்கமும் தெரிய வேண்டும். தண்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் இலக்குப் பகுதி அந்தக் கற்றையிலிருந்து எதுவும் பெறுவதில்லை. பக்கவாட்டில் உரசிச் செல்லும் மற்றக் கற்றைகள் அந்தக் கடனை அடைக்கின்றன, அதனால்தான் கொம்பு. முதல் ஓட்டத்தில் கொம்பு இல்லை என்றால் ஒன்று, தண்டின் எடை அமுங்கிப்போயிருக்கிறது. அல்லது மென்மைப்படுத்தும் உறுப்பு மிகையாக இருக்கிறது. அல்லது அணியின் அச்சுகள் தடம் மாறியிருக்கின்றன. மூன்றாவது எண்ணுவதைவிட அடிக்கடி நடக்கும்.

குறிக்கோள் சார்பை எழுதுதல்

சால்வர் குறைக்க வேண்டிய மொத்தப் பிழைதான் குறிக்கோள் சார்பு. நடைமுறையில் ஓடும் அமைப்பு இது. இலக்குக்கு 51 கிரேயைச் சுற்றி வர்க்கப் பிழை. பரிந்துரை 50 என்றாலும் சற்று மேலே குறி வைத்தால்தான் 95 விழுக்காடு 50-ஐத் தாண்டும். தண்டுக்கு 25-க்கு மேல் போகும் பகுதியின் வர்க்கம். மிச்ச உடலுக்கும் ஓர் உறுப்பு கட்டாயம் வேண்டும். அதை விட்டுவிட்டால் சால்வர் யாரும் கேட்காத இடத்தில் டோஸைக் கொட்டும். இலக்குக்கு வெளியே, கற்றை நுழையும் வழியில், இலக்கைவிடச் சூடான புள்ளிகள் எழும். அது சால்வரின் பிழை அல்ல. கேள்வியில் அந்த இடம் இல்லை. இலக்கைச் சுற்றி 5 மி.மீ. தள்ளி 1 செ.மீ. தடிமனுள்ள ஒரு வளையம் வரைந்து அதற்கு 45 கிரே வரம்பு, அதற்கு அப்பால் உள்ள உடலுக்கு 30 கிரே என்று தொடங்குவது நல்லது. பிறகு தேவைக்கேற்ப இறுக்கலாம்.

ஒவ்வோர் உறுப்பையும் அதன் வோக்சல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 2,010 வோக்சல் தண்டும் 8 லட்சம் வோக்சல் உடலும் வகுக்காமல் ஒரே கூட்டலில் சேர்ந்தால், தண்டின் எடை 100 என்று எழுதியிருந்தாலும் உடல் அதை விழுங்கிவிடும். கட்டமைப்பு அளவை மாற்றியதும் பழைய எடைகள் வேலை செய்யாமல் போவதற்கும் இதுவே காரணம்.

இதுவரை எல்லாம் குவிச் சார்புகள். ஒரே பள்ளம்தான், எங்கிருந்து தொடங்கினாலும் அதன் அடிக்கே போய்ச் சேரலாம். சிக்கல் 'டி10 25-க்குக் கீழ்' என்ற வாசகத்தில் ஒளிந்திருக்கிறது. 2,010 வோக்சலில் 201 மீறலாம். எந்த 201? அதைத் தேர்வதே கணக்கு. துல்லியமாக எழுதினால் ஒவ்வொரு வோக்சலுக்கும் ஓர் ஆம்-இல்லை மாறி வேண்டும். அத்தகைய மாறிகளைக் கையாளும் கலப்பு முழுவெண் நிரலாக்கம் இந்த அளவில் மூச்சு வாங்கும்.

வணிக மென்பொருள்கள் பொதுவாகச் செய்வது ஒரு குறுக்குவழி. ஒவ்வொரு சுற்றிலும் தண்டின் வோக்சல்களை டோஸ் வரிசையில் அடுக்கி, மேல் 201-ஐ மன்னித்துவிட்டு, 25-க்கு மேலும் அப்போதைய டி10-க்குக் கீழும் இருப்பவற்றை மட்டும் தண்டிப்பது. குவித்தன்மை போய்விடுகிறது, தொடக்கப் புள்ளியைப் பொறுத்து விடை மாறலாம். ஆனாலும் இத்தகைய கணக்குகளில் வெவ்வேறு பள்ளங்களின் ஆழம் பெரும்பாலும் கிட்டத்தட்ட ஒன்றே. மன்னிக்கப்பட்ட 201 வோக்சல் எவ்வளவு சூடானாலும் கேள்வி இல்லை என்பதுதான் உண்மையான ஆபத்து. முதுகுத்தண்டு தொடர்வரிசை உறுப்பு. ஓர் இடத்தில் அறுந்தால் கீழே எல்லாம் போச்சு. வழக்கமான 2 கிரே அமர்வுகளில் தண்டின் உச்ச டோஸ் 50 கிரே என்றால் தண்டுவடச் சேதத்தின் வாய்ப்பு 0.2 விழுக்காடு என்று இயல்பான திசுக்கள் தாங்கும் டோஸைத் தொகுத்த 2010-இன் க்வான்டெக் தொகுப்பு மதிப்பிட்டது. 60 கிரேயில் அது 6 விழுக்காடு. எனவே டி10 மட்டும் போதாது, உச்ச வரம்பும் தனியாக வேண்டும்.

ரோமெய்ன் குழு 2003-இல் எடுத்த வழி சுத்தமானது. 'மிகச் சூடான 10 விழுக்காட்டின் சராசரி' என்று கேள்வியை மாற்றினால் அது குவிச் சார்பு. நேரியல் நிரலாக்கத்தில் எழுத ஒரு வரம்பு மாறியும், வோக்சலுக்கு ஒரு மீறல் மாறியும் போதும்: வரம்புடன் மீறல்களின் கூட்டுத்தொகையை 201-ஆல் வகுத்துக் கூட்டி, அது 25-ஐத் தாண்டக் கூடாது என்று எழுதுகிறோம். நிதித் துறையில் இழப்பு வாலை அளக்கும் அதே கருவி. வால் சராசரி 25-க்குள் இருந்தால் டி10 நிச்சயம் 25-க்குள், மறுபக்கம் உண்மையல்ல. அதனால் இது கொஞ்சம் கறாரான வேலைக்காரன். முதலில் 25 வைத்துத் தீர்த்து, டி10 எவ்வளவு கீழே வந்தது என்று பார்த்து, வால் வரம்பை 27, 28 என்று தளர்த்திக்கொண்டே போகலாம். சூடான வாலையும் கணக்கில் வைப்பதால் தண்டு போன்ற உறுப்புக்கு நம் தேர்வு இதுதான்.

தீர்க்கும் கருவி எது என்பது இரண்டாம்பட்சம். சார்பின் சரிவைப் பார்த்துப் படிப்படியாக இறங்கும் எல்-பிஎஃப்ஜிஎஸ் குடும்பமோ, மேட்ராட் பயன்படுத்தும் ஐபாப்ட் போன்ற உட்புள்ளி முறையோ, இந்த அளவுக்கு இரண்டும் தாங்கும். எப்போது நிறுத்துவது என்பதுதான் முக்கியம். அணி மோசமான நிலைப்பண்பு கொண்டது. மிக வேறுபட்ட செறிவுப் படங்கள் ஏறக்குறைய ஒரே டோஸைத் தரும். தொடர்ந்து ஓடவிட்டால் குறிக்கோள் சார்பு நான்காவது தசமத்தில் குறையும், செறிவுப் படம் பல் பல்லாக முள் முளைக்கும். அந்த முள்ளுக்கு மருத்துவப் பயன் இல்லை, இயந்திரச் செலவு மட்டும் உண்டு. அக்கம்பக்கத்துப் பீம்லெட்களின் வேறுபாட்டுக்குச் சிறிய தண்டனை சேர்ப்பது, அல்லது குறிக்கோள் மாற்றம் ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழ் வந்ததும் நிறுத்துவது, இரண்டும் செல்லும். தண்டனை மிஞ்சினால் முன்பு சொன்ன கொம்பு மழுங்கும். அதைக் கண்ணால் பார்த்தே எல்லையைப் பிடிக்கலாம்.

10 கிரே எங்கே போகிறது

பணிக்குழுவின் அறிக்கையில் எளிய பதிப்புக்குப் பங்கேற்ற மையங்களின் தண்டு டி10 சராசரி சுமார் 22 கிரே. இலக்கின் டி10-உம் 54 கிரே அளவில், வரம்புக்குள். கடினப் பதிப்பில் தண்டின் சராசரி சுமார் 16 கிரேக்குக் கீழ் இறங்கவில்லை. இலக்கின் டி10 57 கிரேயாக ஏறி 55 என்ற வரம்பையும் உடைத்தது. இலக்கின் டி95 மட்டும் 50-இலேயே நின்றது.

10 கிரே என்ற பட்ஜெட்டைப் பிரித்துப் பார்த்தால் காரணம் புலப்படும். சிதறல் பங்கு சுமார் 5 கிரே என்று மேலே பார்த்தோம். அடுத்தது லீஃப் கசிவு; லீஃப் என்பது கற்றைக்கு வடிவம் கொடுக்க இயந்திரத்தில் நகரும் உலோகத் தகடு. தண்டின் நிழலில் லீஃப்கள் மூடியிருந்தாலும் அவை வழியே 1 முதல் 2 விழுக்காடு ஊடுருவும். 2 கிரே அமர்வுக்கு 900 மானிட்டர் யூனிட் (இயந்திரம் தன் வெளியீட்டை எண்ணும் அலகு) போகிறது என்றால், திறந்த புலத்தில் அது உச்ச ஆழத்தில் 9 கிரேக்குச் சமம். தண்டின் ஆழத்தில் 65 விழுக்காடு என்றால் 5.9 கிரே. அதில் 1.5 விழுக்காடு 0.09 கிரே. 25 அமர்வுக்கு 2.2 கிரே. மீதி 3 கிரேக்குள் கொம்புகளின் விளிம்பு மங்கலை அடக்க வேண்டும். முடியாது.

சால்வர் இந்நிலையில் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் பாடம் கிடைக்கும். கொம்பைத் தண்டிலிருந்து தள்ளி வைக்கிறது. அதனால் இலக்கின் உள் விளிம்பு குளிர்கிறது. அதை 50-க்கு இழுக்க வெளிப்பகுதியை மிகையாகச் சூடாக்குகிறது. அந்தச் சூடுதான் 57. தண்டனை முறையில் இது எடைகளின் சண்டையாக மட்டும் தெரியும். கட்டுப்பாடாக எழுதியிருந்தால் 'சாத்தியமில்லை' என்று நேராகச் சொல்லும்; எந்தக் கட்டுப்பாட்டுக்கு எவ்வளவு தளர்வு தேவை என்றும் காட்டும். தண்டின் வரம்பை 10, 13, 16, 19, 22, 25 என்று படியாக மாற்றி ஒவ்வொன்றுக்கும் இலக்கின் டி10-ஐக் குறைக்கச் சொல்லுங்கள். கிடைக்கும் ஆறு புள்ளிகளை வரைந்தால் வளைவு எங்கே திடீரென்று நிமிர்கிறது என்பது தெரியும். மருத்துவரிடம் ஒரு பிளானை நீட்டி 'இது போதுமா' என்று கேட்பதைவிட இந்த வளைவை வைப்பது நேர்மையானது. ஆறு ஓட்டமும் தனித்தனிக் கணக்கு, ஒரே நேரத்தில் ஓட்டலாம்; அல்லது வரிசையாக ஓட்டி, முந்தைய விடையைத் தொடக்கமாகக் கொடுத்தால் ஒவ்வொன்றும் விரைவாக முடியும்.

லீஃப்களுக்கு மொழிபெயர்த்தல்

செறிவுப் படத்தை இயந்திரம் அப்படியே செலுத்தாது. எதிரெதிர் லீஃப் இணைகள் ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஒரு தொடர்ச்சியான இடைவெளியைத்தான் திறக்க முடியும். ஒரு வரிசையில் 2, 4, 1, 3 என்று செறிவு வேண்டும் என்று வைப்போம். தேவையான குறைந்தபட்சக் கற்றை நேரம், இடமிருந்து வலமாக ஏறும் படிகளின் கூட்டுத்தொகை: 2 + 2 + 2 = 6. முதல் இரண்டு கட்டங்கள் 2 அலகு, இரண்டாவது மட்டும் 1, இரண்டு முதல் நான்கு வரை 1, நான்காவது மட்டும் 2. இப்படி நான்கு செக்மென்டில், அதாவது லீஃப்கள் ஒரே வடிவில் நிற்கும் நான்கு துண்டுகளில், முடிகிறது. வரிசையை 2, 3, 2, 3 என்று மென்மையாக்கினால் நேரம் 4 ஆகக் குறையும். மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கசிவும் அதே விகிதத்தில் குறையும். முழுப் புலத்துக்கு, அதிக நேரம் கேட்கும் வரிசையே நேரத்தைத் தீர்மானிக்கிறது. எனவே முள் முளைத்த ஒரே ஒரு வரிசை மொத்தப் புலத்தையும் காக்க வைக்கும்.

குறைந்தபட்ச நேரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. குறைந்தபட்சச் செக்மென்ட் எண்ணிக்கை என்பி-கடினம் (விரைவாகத் தீர்க்கும் பொதுவழி தெரியாத வகை), ஒரே வரிசைக்குக் கூட. அதனால் மென்பொருள்கள் தோராய முறையைக் கையாளுகின்றன. செறிவை 5 முதல் 10 நிலைகளில் மிக அருகிலுள்ளதற்கு வட்டமாக்குகின்றன. டோஸ் இங்கேதான் நழுவுகிறது. வட்டமாக்கியதில் கொம்பு ஒரு நிலை கூடியோ குறைந்தோ போகும். 1 செ.மீ. அகல ஒல்லிச் செக்மென்ட்கள் முளைக்கும்; அவற்றில் பக்கவாட்டு எலக்ட்ரான் சமநிலை குலைவதால் டோஸ் கணிப்பே ஐயத்துக்குரியது. 2, 3 மானிட்டர் யூனிட் மட்டும் உள்ள செக்மென்ட்களில் இயந்திரத்தின் நேரியல்பும் சொல்லும்படியாக இருக்காது.

படத்தை வரைந்துவிட்டுப் பிறகு உடைப்பதற்குப் பதில், செக்மென்ட்களையே மாறிகளாக எடுப்பது மேல். ஷெப்பர்டு குழு 2002-இல் இதை முன்வைத்தது. ரோமெய்ன் குழு 2005-இல் நிரல் (column) உருவாக்க முறையில் எழுதியது. காகிதச் சுருள்களை வீணில்லாமல் வெட்டும் ஆலைக் கணக்குக்கு கில்மோரும் கோமரியும் 1961-இல் கண்ட உத்தி அது: சாத்தியமான எல்லா வெட்டுகளையும் பட்டியலிடாமல், இப்போதைய விலைகளுக்கு லாபமான அடுத்த ஒன்றை மட்டும் உருவாக்கிச் சேர்ப்பது. இங்கே ஒவ்வொரு பீம்லெட்டுக்கும் குறிக்கோள் சார்பின் சரிவிலிருந்து ஒரு லாப எண் கிடைக்கும். ஒரு வரிசையில் அவை +3, −1, +4, −6, +2 என்றால் கூட்டுத்தொகை அதிகமான தொடர்ச்சி முதல் மூன்று கட்டங்கள், மொத்தம் 6. வரிசையை ஒரே ஒருமுறை கடந்தாலே இதைக் கண்டுபிடிக்கலாம். எல்லா வரிசைகளுக்கும் செய்து சேர்த்தால் புதிய செக்மென்ட் தயார். அதைச் சேர்த்து எடைகளை மறுபடி தீர்த்து, அடுத்த சுற்று. அடுத்தடுத்த லீஃப் இணைகள் குறுக்கே நுழையக் கூடாத இயந்திரம் என்றால் வரிசைகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. வரிசைகளை அடுக்குகளாகக் கொண்ட ஒரு வலைப்பின்னலில் மிக லாபமான பாதையைத் தேட வேண்டும். புதிய செக்மென்டால் குறிக்கோள் அசையாத இடத்தில் நிறுத்திவிடலாம். அதற்குப் பின் வருபவை பெரும்பாலும் ஒல்லிக்குச்சிகள்.

மூன்று மில்லிமீட்டர் தவறினால்

மில்லிமீட்டருக்கு 5 கிரே என்ற சரிவில் நோயாளி எல்லா அமர்விலும் ஒரே திசையில் 3 மி.மீ. தள்ளிப் படுத்தால், 25 கிரேயில் இருந்த தண்டின் விளிம்பு 40-க்கு ஏறும். அமர்வுக்கு அமர்வு திசை மாறும் சீரற்ற பிழை சராசரியில் மங்கிவிடும். எப்போதும் ஒரே திசையில் வரும் முறையான பிழை மங்காது.

இலக்குக்கு ஓரம் வைத்துப் பிடிவி ஆக்கியது இலக்கை மட்டும் காக்கிறது. தண்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தண்டைச் சுற்றி 3 மி.மீ. ஓரம் வைத்து அதற்கே வரம்பு எழுதுவது எளிய வழி. ஆனால் 5 மி.மீ. இடைவெளியில் 3 மி.மீ. அதற்கே போய்விடும். நேரக்கூடிய ஒவ்வொரு நிலையையும் ஒரு காட்சியாக எடுக்கும் காட்சி முறை நுட்பமானது: இயல்பு நிலை ஒன்று, மூன்று அச்சுகளில் ±3 மி.மீ. ஆறு, ஆக 7 காட்சிகள். ஒவ்வொன்றிலும் தண்டின் வால் சராசரியைக் கணித்து, மோசமானதைக் குறைப்பது. ஃபோட்டானுக்கு டோஸ் மேகம் இடம் மாறாது, உடல் மட்டும் நகர்கிறது என்று கொள்ளலாம் என்பதால், புதிய அணி கட்டாமல் வோக்சல் எண்களை நகர்த்தினால் போதும். புரோட்டானுக்கு இந்தச் சலுகை கிடையாது. அடர்த்தி மாறினால் வீச்சே மாறும். விலை வழக்கம்போல் இலக்கின் சீர்மையில் தெரியும். எளிய பதிப்பிலேயே 7 காட்சிகளையும் 25-க்குள் அடக்க முயன்றால் கடினப் பதிப்பின் அறிகுறிகள் தலைகாட்டும். படமெடுத்து இடத்தைச் சரிசெய்து பிழையை 1 மி.மீ.க்குக் கொண்டுவருவது, எந்தச் சால்வராலும் வாங்கித் தர முடியாத இடைவெளியைத் தரும்.

சரிபார்ப்பில் தப்பிச் செல்வது

இறுதிச் செக்மென்ட்களை வைத்து வெட்டில்லாத முழு டோஸ் கணிப்பை ஓட்ட வேண்டும். தண்டின் டி10 சால்வர் காட்டியதைவிட 1 கிரேக்கு மேல் கூடியிருந்தால் செக்மென்ட் வடிவங்களை அப்படியே வைத்து எடைகளை மட்டும் மறுபடி தீர்க்கலாம். நூற்றுச் சொச்சம் மாறிகள், குவிக் கணக்கு, நொடிகளில் முடியும். அதிலும் இறங்காவிட்டால் தண்டின் வரம்பைச் சால்வரிடம் நழுவும் அளவுக்குக் குறைத்துச் சொல்லி, செறிவுப் படத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

பிறகு அளவீடு. அதே சங்கத்தின் 218-ஆம் பணிக்குழு 2018-இல் தந்த டிஜி-218 பரிந்துரை, அளந்த டோஸையும் கணித்த டோஸையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடும் 3 விழுக்காடு, 2 மி.மீ. காமா சோதனையில் 95 விழுக்காடு புள்ளிகள் தேற வேண்டும் என்கிறது. விழுக்காடு பொதுவாக உச்ச டோஸை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2 கிரே அமர்வில் 3 விழுக்காடு 6 சென்டிகிரே. எளிய பதிப்பில் தண்டின் டோஸ் 20 கிரே என்றால் அமர்வுக்கு 80 சென்டிகிரே. 6 சென்டிகிரே அதில் 7.5 விழுக்காடு. தண்டில் 7 விழுக்காடு பிழை இருந்தாலும் காமா படம் பச்சையாகவே இருக்கும். சி-வடிவில் தண்டின் பங்கு மொத்தப் புள்ளிகளில் சொற்பம் என்பதால், அது முழுக்கத் தவறினாலும் 95 விழுக்காடு தேறிவிட வாய்ப்புண்டு. எனவே தண்டின் மையத்தில் டோஸை அளக்கும் அயனிக் கலம் ஒன்றைத் தனியாக வைத்து, அந்த இடத்தின் சொந்த டோஸுக்கு எதிராகப் பிழையைப் பதிவுசெய்ய வேண்டும். வெட்டிய சிதறலும் லீஃப் கசிவும் மாதிரியில் குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தால், அளவீடு கணிப்பைவிடக் கூடுதலாக முதலில் காட்டும் இடம் அந்தக் கலம்தான்.